புகைபோக்கியின் வாயில் வைத்த கல்

கன்னியப்ப மேஸ்திரி திருத்திக் கட்டிக் கொடுத்த புகைபோக்கியில் ஒரு குறையும் இல்லை. அதன் வாயில் கல்லைத் தூக்கி வைத்து மூடியவன் நான். நான்தான்! மூடிவிட்டு, நாலு பேர் முன்னிலையில் அவருடைய வேலை சரியில்லை என்று சொன்னவனும் நான்தான்.

சொல்லிவிட்டேன். என் மனைவியிடம் சொல்லாததை, என் மைத்துனனிடம் சொல்லக் கூசியதை, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை அல்லவா? அந்தத் தைரியம்தான்.

ஒரு புகைபோக்கிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

நாங்கள் அம்பத்தூரில் தலைமுறை தலைமுறையாகப் பயிர்செய்த குடும்பம். நான் கொஞ்சம் படித்துவிட்டதால் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதுபவனானேன். வீடு மொட்டைமாடி வைத்த மெத்தை வீடு. ஆனால் அடுப்பங்கரை மட்டும் பழைய காலத்து இருட்டறை. என் மனைவி ரஞ்சிதம் சமையலை முடித்து வெளியே வரும்போது யாரோ அடித்து அழவைத்ததுபோல் கண்கள் சிவந்திருக்கும். இராத்திரியெல்லாம் இருமுவாள்.

சிந்தாதிரிப்பேட்டையில் அவளுடைய அண்ணன் பரசுராமன் வீட்டில் புகைபோக்கி உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்தது முதல் அவளுக்கு வேறு பேச்சே இல்லை. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை, புகை போக ஒரு வழி கேட்டாள். மறுக்க முடியுமா?

பட்டாபிராமிலிருந்து கன்னியப்ப மேஸ்திரியை அழைத்து வந்தேன். ஏழெட்டு ஆட்களை வைத்துக்கொண்டு வீட்டு வேலைகளை மொத்தமாகப் பேசி எடுத்துக் கட்டுபவர். நாற்பது வயதிருக்கும். ஓயாமல் பேசுவார். தம் வேலையைத் தாமே மெச்சிக்கொள்வார். முடித்த சுவரை, வண்டி மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கீழே இறங்குவார். அந்தத் தட்டலைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

புகைபோக்கி எழும்பியது. வெள்ளிக்கிழமை பார்த்து ரஞ்சிதம் அடுப்பைப் பற்றவைத்தாள்... அவ்வளவு புகையும் அவள் முகத்திலேயே திரும்பி வந்தது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆளனுப்பி மேஸ்திரியை வரவழைத்து வாய்க்கு வந்தபடி பேசினேன்.

அவர் நேரே மொட்டைமாடிக்குப் போனார். ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்தி, புகை போகும் திக்கைப் பார்த்தார். இறங்கி வந்து சொன்னார்.

"தப்பு என்னுதுதாங்க. கைப்பிடிச் சொவரு ஒசரமா கீது, இது குள்ளமா கீது. மேக்காத்து சொவத்துல மோதி, புகைய உள்ள அமுக்குது. ஒசத்திட்டா சரியாப் பூடும்."

'தப்பு என்னுதுதாங்க.' இந்த இரண்டு வார்த்தைகளை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்! எனக்கு இன்றுவரை வாயில் வரவில்லையே!

இரண்டே நாளில் என் மார்பு உயரத்துக்கு அதை எழுப்பினார். கூலி கேட்கவில்லை. அப்புறம் அடுப்பு எரிந்த அழகை என்னவென்று சொல்வேன்! புகை ஒரு இழையாகச் சேர்ந்து சர்ரென்று மேலே ஓடியது. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து பார்த்தார்கள். எங்கள் தெருவில் வேறெங்கும் புகைபோக்கி கிடையாது. 'புகைபோக்கி வீடு' என்று பெயரே வந்துவிட்டது. நான் தெருவில் நடந்த நடையே மாறிப்போயிற்று.

வேலை நல்லபடி முடிந்தால் மேஸ்திரிக்கு வேட்டியும் துண்டும் வைத்து வெற்றிலை பாக்கோடு கொடுப்பது வழக்கம். ரஞ்சிதம் தானே கடைக்குப் போய் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்து தட்டில் வைத்தாள். மேஸ்திரி அந்தத் துண்டை அங்கேயே தலையில் கட்டிக்கொண்டு, ஸ்டேஷன்வரைக்கும் அப்படியே போனார்.

இங்கேயே கதை முடிந்திருக்கக் கூடாதா?

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் பட்டணத்தின்மேல் குண்டு போடுவான் என்று பேச்சுக் கிளம்பியது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்கு ஓடினார்கள். பரசுராமனும் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். விளக்குகளைக் கறுப்புக் காகிதத்தால் மூடவேண்டும் என்று உத்தரவு. ஆவடிப் பக்கமும் பட்டாபிராம் பக்கமும் பட்டாளத்துக்காரர்கள் வந்து குவிந்தார்கள். குண்டு போடுகிறவன் அங்கேதான் முதலில் போடுவான் என்று ரயிலில் தினம் ஒருவன் சொன்னான்.

நான் எப்படிப்பட்டவன் தெரியுமா? எல்லோரையும் கேலி செய்தேன்! ரயிலில் கேலி, தெருவில் கேலி, வீட்டில் கேலி. பரசுராமன் அகப்பட்டுக்கொண்டான்.

ஒருநாள் சாப்பிடும்போது அவன் மெதுவாகச் சொன்னான்: "மாப்ளே, மேலேர்ந்து பாத்தா பீடி நெருப்புகூட தெரியுதாம். இருட்டினப்புறம் அந்தப் புகைபோக்கி வாய எதையாவது வச்சு மூடிடலாமே."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஜப்பான்காரன் என் ஊட்டுச் சாம்பார் கொதிக்கறத பாத்தா குண்டு போடப்போறான்? பேசாம சாப்புடு மச்சான். விழுந்தா என் தலையில விழட்டும்."

அவனுடைய குழந்தைகள்கூடச் சிரித்தன. அவன் முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது "என்ன மச்சான், புகைபோக்கிக்கு முக்காடு போடலாமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைப்பேன்.

ஐயோ, அந்தச் சிரிப்புதான் என்னைக் கட்டிப்போட்டது!

ஒருநாள் ரயில் தாமதம். இறங்கி வயல்வரப்பு வழியாக வந்தேன். ஊர் முழுவதும் ஒரே இருட்டு. ஒரு விளக்கு இல்லை. ஒரு வெளிச்சப் பொட்டு இல்லை... ஒன்றைத் தவிர. நட்ட நடுவில், என் வீட்டுக் கூரைக்குமேல், சிவப்புச் சிவப்பாகப் பொறி பறந்துகொண்டிருந்தது! சவுக்கு விறகு நன்றாக எரிகிறபோது பறக்குமே, அந்தப் பொறி. ஊரிலேயே என் வீட்டிலிருந்து மட்டும்.

என் கால்கள் வரப்பிலேயே நின்றுவிட்டன. இத்தனை நாள் எதைக் காட்டிப் பெருமையடித்தேனோ, அதுவே வானத்தில் இருப்பவனுக்கு என் வீட்டை விரல் நீட்டிக் காட்டுகிறது! பயந்தேன். ஆமாம், பயந்தேன்! பரசுராமன் பயந்ததைப்போல் நூறு பங்கு பயந்தேன்.

அந்தப் பயத்தை வெளியே சொல்லியிருக்கலாம். "மச்சான், நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லியிருந்தால் எல்லோரும் ஒருநாள் சிரித்திருப்பார்கள். அதற்குப்பின் இருட்டுவதற்குமுன் சமையலை முடித்திருப்போம். ஒரு நாள் சிரிப்பு... அதைத் தாங்க எனக்கு முதுகெலும்பு இல்லை.

துணி துவைக்கும் கல்லாகப் போடலாம் என்று எடுத்துவைத்திருந்த கடப்பைக் கல் பலகை ஒன்று மாடியில் புகைபோக்கியின் காலடியிலேயே சாய்ந்து கிடந்தது. ஒரு ஆள் தூக்கக்கூடியது. மறுநாள் மாலை, காற்று வாங்கப் போகிறேன் என்று மாடிக்குப் போனேன். கல்லைத் தூக்கிப் புகைபோக்கியின் வாய்மேல் வைத்தேன். பொறி நின்றது. ஓரத்தில் கொஞ்சம் புகை மட்டும் கசிந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கீழே ரஞ்சிதம் இருமத் தொடங்கினாள்.

அது என் காதில் விழவில்லை என்று நினைக்கிறீர்களா? நன்றாக விழுந்தது! சமையல் முடிந்து எல்லோரும் படுத்தபிறகு ஏறிப்போய்க் கல்லை இறக்கிப் பழைய இடத்தில் சாய்த்தேன். கரி பிடித்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

இப்படியே தினமும். பரசுராமனுக்கோ பொழுது சாய்ந்தால் மாடிப்படிப் பக்கம் வரவே நடுக்கம். வேறு யாரும் அங்கே வருவதில்லை. காலையில் புகைபோக்கி ஜோராக இழுக்கும். மாலையில் அடைத்துக்கொள்ளும். ரஞ்சிதம் ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம், "இன்னாங்க, மேஸ்திரியக் கூப்டுங்க. திரும்பவும் ஏதோ கோளாறு பண்ணி வச்சிருக்காரு" என்றாள்.

கவனித்தீர்களா? 'திரும்பவும்' என்றாள். முதல் தடவை அவருடைய தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டாரல்லவா? ஆகவே இரண்டாவதும் அவருடையதாகத்தான் இருக்கவேண்டும். யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மேஸ்திரி வந்தார். பகலில் பார்த்தார், ஒன்றுமில்லை. மாலையில் வந்து உட்கார்ந்தார். அன்று நான் கல்லைத் தொடவில்லை. புகை அழகாகப் போயிற்று. அவர் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மாலை மறுபடி புகை! திரும்ப ஆள் போயிற்று. திரும்ப வந்தார். மூன்றாம் முறை வந்தபோது அவர் பேச்சுக் குறைந்திருந்தது.

"இன்னா தப்புன்னே தெர்லீங்க" என்றார். "காலைல இஸ்துகினு போவுது. நா வந்து பாத்தா போவுது. நா அப்பால போனதும் உள்ள வந்து குந்திக்குது. இருவது வர்சமா இந்தக் கையில கரண்டி கீது, இந்த மாதிரி பாத்ததில்லீங்க."

நான் என்ன சொன்னேன்? "கழுத்துப் பக்கம் பாத்தீங்களா மேஸ்திரி?" என்றேன். கழுத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்! ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னேன்.

அதை நம்பி, புகைபோக்கி குறுகி மேலேறும் அந்தக் கழுத்துப் பாகம் முழுவதையும் இடித்துத் தம் செலவிலேயே திரும்பக் கட்டினார். மதிய வேளையில் மாடியில் உட்கார்ந்து கூழ் குடித்தார். எதன்மேல் உட்கார்ந்து குடித்தார் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கடப்பைக் கல்லின்மேல்! அதைக் கீழே சாய்த்துப் போட்டு, கரிப் பக்கம் தரையில் அமுங்கியிருக்க, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது புரட்டிவிடுவாரோ... புரட்டவில்லை. ஏன் புரட்டவில்லை? புரட்டியிருந்தால் அன்றே நான் தப்பியிருப்பேன்.

கட்டி முடித்துத் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். தெருவிலேயே ஒரே புகைபோக்கி, ஊர்க்கண் பட்டிருக்கும் என்றார். அதையும் தம் செலவிலேயே வாங்கி வந்திருந்தார். நான் பக்கத்தில் கைகட்டி நின்று, பக்தியோடு தலையை ஆட்டினேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஆவடியில் பட்டாளத்துக்குச் சமையற்கட்டுகள் வரிசையாகக் கட்டப்போகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் புகைபோக்கி உண்டு, அதைக் கட்டத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள் என்று மேஸ்திரிக்குச் செய்தி கிடைத்திருந்தது. அந்த வேலையை எடுத்திருந்த பெரிய கண்டிராக்டர், இவர் கட்டியது ஏதாவது இருந்தால் அடுப்பு எரியும்போது பார்க்கவேண்டும் என்றாராம். மேஸ்திரி இதுவரை கட்டிய ஒரே புகைபோக்கி என் வீட்டில்தான் இருந்தது.

"ஞாய்த்துக்கெயமை சாய்ங்காலம் அவர இட்டுகினு வர்றேன்" என்றார். "இது மட்டும் கெட்ச்சா எங்க ஆளுங்க அத்தினி பேருக்கும் யுத்தம் முடியிற வரிக்கும் சோறுங்க. புகை வராதில்ல?"

"வராது மேஸ்திரி. நான் இருக்கேன்" என்றேன்.

சத்தியமாகக் கல்லைத் தொடக்கூடாது என்றுதான் இருந்தேன். நம்புங்கள்! அன்று மாலை மாடியில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன். விருந்தாளி வருகிறார் என்று ரஞ்சிதம் பெரிய விறகாக வைத்துவிட்டாள். இருட்டிக்கொண்டு வந்தது. பொறி பறந்தது. அப்போது மேற்கே... ஒரு உறுமல்!

விமானம்!

கீழே பரசுராமன் குழந்தைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போகும் சத்தம் கேட்டது. உறுமல் கிட்ட வந்தது. இன்னும் கிட்ட! பொறி பறக்கிறது, என் தலைக்குமேல், சிவப்பாக, கொத்துக் கொத்தாக! நான் யோசிக்கவில்லை. கை யோசிக்கவில்லை. கல் மேலே ஏறிவிட்டது. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து, என் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

விமானம் போய்விட்டது. நம் பக்கத்து விமானம்தான் என்று மறுநாள் சொன்னார்கள்.

கண்ணைத் திறந்தபோது கீழே வாசலில் பேச்சுக்குரல். வந்துவிட்டார்கள்! இப்போதாவது கல்லை எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்கிறீர்களா? எடுத்தேன். எடுத்தேன்! ஆனால் அதற்குள் அடுப்பங்கரை முழுவதும் புகை. இருமல் சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. கல்லைச் சாய்த்துவைத்துவிட்டு ஓடி இறங்கினேன்.

பெரிய கண்டிராக்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ரஞ்சிதம் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து வந்த பரசுராமன் ஒரு பக்கம். இருமல் சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் ஒரு பக்கம். நடுவே மேஸ்திரி. புதுத் துண்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் கொடுத்த துண்டு. அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலிக்காது. 'நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்' என்று அந்தக் கண்கள் கெஞ்சின, அவ்வளவுதான்.

என் உள்ளங்கைகளில் கரி. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மறைத்துக்கொண்டு சொன்னேன்:

"நான் எத்தனை தடவ சொன்னேன் மேஸ்திரி. உங்க வேலை சரியில்ல."

ஏன் சொன்னேன்? யாரும் என்னைக் கேட்கவில்லையே! வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூடப் பாதிப் பாவம்தானே! நானே வலியச் சொன்னேன். சத்தமாக, கண்டிப்பாக, ஏமாந்த வீட்டுக்காரனின் நியாயமான கோபத்தோடு சொன்னேன்.

பெரிய கண்டிராக்டர் மேஸ்திரியின் தோளைத் தொட்டு, "வேற வேலை இருந்தா சொல்லி அனுப்பறேன்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேஸ்திரி மாடிக்கு ஏறினார். நான் பின்னாலேயே போனேன். புகைபோக்கிக்குள் கையைவிட்டுத் தடவினார். புகை அப்போது சர்ரென்று போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவிலேயே வெகுநேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். இறங்கும்போது சுவரைத் தட்டிக் கொடுக்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்து அவருடைய ஆள் ஒருவர் வந்தார். வெற்றிலை பாக்கோடு ஒரு பொட்டலம் கொடுத்தார். துவைத்து, கஞ்சி போட்டு, மடித்த வேட்டியும் துண்டும்! வாங்கிய மரியாதையைத் திருப்பிக் கொடுத்த மேஸ்திரியை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? ரஞ்சிதம் அதைப் பார்த்து அழுதுவிட்டாள். புகைபோக்கி வேலையே இனி எடுப்பதில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம்.

குண்டு விழவில்லை. பயம் மெல்லத் தணிந்தது. பரசுராமன் குடும்பத்தோடு திரும்பிப் போனான். நான் கல்லைத் தொடுவதை விட்டேன். புகைபோக்கி அன்று முதல் இன்றுவரை ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. ரஞ்சிதத்தின் இருமல் நின்றது. "கடைசியா கட்னதுதான் நெலைச்சிருக்கு. பாவம், அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்களேன்" என்று எத்தனையோ முறை சொன்னாள். ஆகட்டும் ஆகட்டும் என்றேன். யுத்தமும் முடிந்தது.

சென்ற வருஷம் ஒரு காரியமாகப் பூந்தமல்லிக்குப் போனேன். பெங்களூர் ரோட்டோரம் ஒரு தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதற்குமுன் அவர் பார்த்துவிட்டார். சாரத்திலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இளைத்திருந்தார். கோபம் துளிகூட இல்லை.

"நல்லா கீறீங்களா? புகை இப்போ எப்டிங்க? அம்மாவுக்குக் கண்ணெரிச்சல் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு மேஸ்திரி."

அவர் முகம் மலர்ந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டார்! "எப்டிங்க நின்னுச்சி?" என்றார்.

வழி திறந்து கிடந்தது. சுற்றிலும் யாருமில்லை. பரசுராமன் இல்லை, மனைவி இல்லை, சிரிக்க ஒருவர் இல்லை. 'நான்தான் மூடினேன்' என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்...

"வேற ஒரு மேஸ்திரி வந்து பாத்தாரு."

என் வாய்தான் அப்படிச் சொன்னது!

"யாருங்க அது?"

"நசரத்பேட்டைப் பக்கம்னு சொன்னாரு. பேர் ஞாபகம் இல்ல."

"இன்னா பண்ணாருங்க?"

"என்னமோ சின்ன வேலைதான். ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டாரு."

அவர் தலையைக் குனிந்து தம் கைகளைப் பார்த்தார். "ஒரு மணி நேரம்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து சொன்னார்: "கைகாரன்தாங்க. அவரப் பாக்கணும். கால்ல உய்ந்தாவது கேட்டுகினு வருவேன். வேலைக்கோசரம் இல்லீங்க. நா இன்னா தப்பு பண்ணேன்னு தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்."

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

அன்று பொட்டலம் கொண்டுவந்த அவருடைய ஆளைச் சில மாதங்களுக்குமுன் ஆவடி ஸ்டேஷனில் பார்த்தேன். கொத்து வேலைக்காரர்களுக்கு அமாவாசை அன்று லீவு என்பது உங்களுக்குத் தெரியுமல்லவா? அமாவாசை தவறாமல் மேஸ்திரி கிளம்பிவிடுகிறாராம். நசரத்பேட்டையில் வீடு வீடாகக் கேட்டாயிற்று. குத்தம்பாக்கம்வரைக்கும் நடந்து போய்க் கேட்டாயிற்று. 'அம்பத்தூர்ல ஒரு புகைபோக்கிய ஒரு மணி நேரத்துல சரி பண்ண மேஸ்திரி யாருங்க?' என்று கேட்கிறாராம். சிலர் கேலி செய்கிறார்களாம். "சொன்னா கேக்க மாட்டேங்கிறாருங்க" என்று சிரித்தார் அந்த ஆள். நானும் சிரித்தேன்.

நாளை அமாவாசை. பட்டாபிராமுக்கு ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகாது. காலை முதல் வண்டியில் போனால், அவர் கிளம்புவதற்குமுன் பிடித்துவிடலாம். சட்டைகூட எடுத்துவைத்திருக்கிறேன்... போன அமாவாசைக்கும் எடுத்துவைத்திருந்தேன். அதற்கு முந்தின அமாவாசைக்கும்.

உங்கள் ஊருக்கு அவர் இன்னும் வரவில்லையென்றால் வருவார். வந்து கேட்பார். நீங்கள் கையை விரிப்பீர்கள். அவர் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.